பன்னிரண்டு அடை

கரம்பைக்குளத்துக் கீழத்தெருவில் முதன்முதலாக, கோழி மாதிரி, அடைக்கு உட்கார்ந்த மனிதர் மாவு மில் தர்மராசு என்று ஊரே சொல்லும், அது ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை என்றும் சொல்லும், மிளகாய் வத்தல் அரைக்க வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள் என்பதிலும் யாருக்கும் சண்டை கிடையாது. ஆனால் அந்த அடை அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், மாடு தண்ணீர் குடிக்கிற ஒரு சிமெண்டுத் தொட்டியின் பக்கத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை அறிந்த ஆள் அந்த ஊரில் ஒருத்திதான். அவள் வெள்ளத்தாய்.

வெள்ளத்தாய்க்கு ஐம்பது வயது. கீழத்தெரு மகளிர் குழுவுக்கு ஒன்பது வருடமாக அவள்தான் தலைவி. தண்ணீர் வராத நாளில் ரோட்டில் காலிக்குடத்தை வைத்து முதலில் உட்காருகிறவளும் அவள்தான், அதிகாரி வந்து கெஞ்சினால் கடைசியில் எழுந்திருக்கிறவளும் அவள்தான். ஒன்றைச் செய்வேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அதைச் செய்து முடிக்கிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை ஊர் மெச்சியது, அவளும் மெச்சிக்கொண்டாள். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் குணம்தான் காரணமென்று அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டதும் உண்டு, ஆனால் குணத்தின் மேல் பழியைப் போடுவது கையைக் காப்பாற்றுவதற்காக என்று அவளுக்கே தெரியும்.

அந்த வருடம் புரட்டாசியில், ஆளுக்குப் பத்துக் கோழி வீதம் நாற்பது வீட்டுக்கும் முட்டைக்கோழி வளர்ப்பது என்று குழுவில் முடிவாயிற்று. எந்த இனம் எடுப்பது என்று பார்க்க சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். குஞ்சுக்காரர் இனத்துக்கு ஒன்றாகக் கூண்டில் கொண்டுவந்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினார், பெண்களும் புடவைக்கடையில் உட்கார்ந்த மாதிரி ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்தார்கள். பெருவிடைக் கோழியைப் பார்த்து, “இது சண்டைக்கு ஆகும், சட்டிக்கு ஆகும், முட்டைக்கு ஆகாது” என்றார்கள். கருங்கோழியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆத்தீ, நாக்கும் கறுப்பு. கருநாக்குக்காரியோட ஒரே வீட்டுல இருந்தா நாம என்னைக்கு உருப்பட?” என்றார்கள். கழுத்தில் மயிரில்லாத கோழி ஒன்று இருந்தது. அது வெட்கப்பட்டு நிற்பது மாதிரி இருந்ததால் அதைப் பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தார்கள். சிறுவிடையைக் குஞ்சுக்காரர் தூக்கவே இல்லை, அது எல்லார் வீட்டிலும் இருந்தது, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், இருபத்தொரு நாள் எழுந்திருக்காது, பொரித்த பிறகு இரண்டு மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலையும், வருடத்தில் பாதிக்கு மேல் அதற்குத் தாயாக இருக்கவே சரியாகப் போய்விடும்.

கடைசியாக எடுத்தது சிவப்பாக, அடக்கமாக, கண்ணில் ஒன்றும் இல்லாத ஓர் ஒட்டுக்கோழி. வெள்ளத்தாய் அதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இது அடைக்கு உக்காருமா?”

“உக்காரவே உக்காராதும்மா. அந்த நெனப்பே அதுக்குக் கெடையாது. முட்டைய விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காது.”

“அப்ப இதுதான்” என்றாள் வெள்ளத்தாய். தெருவில் பாதிப் பிள்ளைகள் ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறார்களென்று நர்ஸ் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள், ஆளுக்கொரு முட்டை தினமும் தின்ன வைப்பேன் என்று வெள்ளத்தாய் அந்தக் கூட்டத்திலேயே சொன்னாள், சொன்னதை மற்றவர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

மாடத்தி மட்டும் பின்வரிசையிலிருந்து, “அடைக்கு உக்காராதுன்னா, பெறகு குஞ்சு எங்க இருந்துக்கா வரும்?” என்று கேட்டாள்.

“வேன்ல வரும்” என்றாள் வெள்ளத்தாய். கூடமே சிரித்தது, மாடத்தியும் சிரித்தாள்.

மாடத்தி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், பின்னால் புறவாசல் ஒன்றுதான். கொழுந்தன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். மாடத்தி பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தபோது அவள் அம்மா ஒரு கூடையில் புள்ளிபோட்ட சிறுவிடைக் கோழி ஒன்றை வைத்து அனுப்பியிருந்தாள். அந்தக் கோழி எப்போதோ போய்விட்டது, ஆனால் அதன் மகள், மகளின் மகள் என்று அதே புள்ளி, அதே நடை, அதே கோபத்தோடு ஒரு கோழி எப்போதும் மாடத்தியின் புறவாசலில் இருந்தது. அம்மா போன வருடம் செத்துப்போனாள். அவள் ஊரிலும் அந்த இனத்துக் கோழி இப்போது இல்லை. மாடத்தி அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் காலையில் கோழியைத் திறந்துவிடும்போது, “வாங்க தாயி” என்றுதான் சொல்வாள்.

குஞ்சுக்காரர் ஒரு கட்டளை போட்டிருந்தார். பழைய கோழியின் நோய் புதுசுக்கு ஒட்டும், அதனால் வேன் வருகிற திங்கட்கிழமை தெருவில் ஒரு பழைய கோழி இருக்கக்கூடாது, இருப்பதைக் கண்ணால் பார்த்தால் இறக்காமல் வண்டியைத் திருப்பிவிடுவேன் என்றார். நாற்பது வீட்டில் முப்பத்தொன்பது வீடு கோழியைக் கறிக்கடைக்கு அனுப்பியது. மாடத்தியின் புள்ளிக்கோழிக்கு அடியில் பன்னிரண்டு முட்டை இருந்தன. “செவ்வாய்க்கிழமை பொரிச்சிரும்க்கா. அன்னைக்கே தாயையும் பிள்ளையையும் கூடையோட ஊருக்குத் தெக்க, எங்க காட்டுல கொண்டுபோயி வச்சிருதேன்” என்று கேட்டுக்கொண்டாள், ஒரு நாள்தானே என்று வெள்ளத்தாயும் சரி என்றாள். சனிக்கிழமை மாடத்தி அம்மாவின் வருசத் தெவசத்துக்குப் புறப்பட்டாள். போகும்போது, “குருணையும் தண்ணியும் ஒரு முழம் தள்ளி வச்சிட்டு வந்துருங்க. பேச்சுக் குடுக்காண்டாம். வேற ஒண்ணும் செய்யாண்டாம்க்கா” என்றாள்.

வேறொன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை குஞ்சுக்காரரிடமிருந்து, நாளைக் காலையில் வண்டி வருகிறது, தெரு சுத்தமாக இருக்கிறதா என்று போன் வந்தது. இருக்கிறது என்று வெள்ளத்தாய் சொல்லிவிட்டாள். போனை வைத்த கையோடு புறவாசலுக்குப் போனாள். அடை கிடக்கிற கோழியைத் தெளிய வைப்பதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீரில் முக்கி எடுப்பாள், மூக்கில் ஓர் இறகைக் குறுக்கே செருகுவாள், சூடு இறங்கி மறுநாளே கோழி மேயப் போய்விடும். அடை தெளிந்தால் கோழியைத் தெருவுக்கு வெளியே யாரிடமாவது கொடுத்துவிடலாம், முட்டைகளை எங்கேயாவது வேறு தாய்க்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினாள், வேறு தாய் அந்தத் தெருவில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை எண்ணவில்லை. முதல் தடவை முக்கினாள். கோழி சொட்டச் சொட்ட ஓடிப்போய்க் கூடையில் உட்கார்ந்தது. இரண்டாவது தடவை இறகைச் செருகினாள், கோழி அவள் மணிக்கட்டைக் கொத்திவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தது. ஒரு கோழி தன்னை ஜெயிப்பதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்றாவது தடவை முக்கின கையை அவள் உடனே எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எடுத்தபோது கோழியின் கழுத்து அவள் விரலுக்கு மேல் மடங்கிக் கிடந்தது.

புறவாசல் முருங்கை மரத்தின் அடியில், மூட்டில், குழி தோண்டினாள். கோழியை வைத்தாள். முட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கோழியைச் சுற்றி வைத்தபோது, ஏழாவது முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது, பிறகு ஐந்தாவதிலிருந்து, பிறகு எல்லாவற்றிலிருந்தும். பொரிப்பதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் குஞ்சு உள்ளேயிருந்து பேசும், தாய் மேலேயிருந்து பதில் பேசும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளத்தாய் மண்வெட்டியோடு சற்று நேரம் நின்றாள். பிறகு மண்ணைத் தள்ளினாள்.

ஒரு கூடையை எடுத்து வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் போதும், வேன்காரர் எந்த வீட்டுக்குள் வந்து பார்க்கப்போகிறார் என்று அவளுக்கு அன்று சாயங்காலமே தோன்றியது. திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்த மாடத்தியிடம் கீரி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது என்று சொன்னாள். மாடத்தி காலியாகக் கிடந்த கூடையைப் பார்த்தாள், வெள்ளத்தாயின் மணிக்கட்டில் இருந்த கொத்துக் காயத்தைப் பார்த்தாள். “கீரிய வெரட்டப் போயி நீங்களும் காயம் பட்டீகளாக்கா?” என்று கேட்டு மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாவு மில் தர்மராசு ஒரு சோள மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரைத்துத் தாருங்கள் என்று கிட்டே போனவர்களைப் பார்த்துத் தோளிரண்டையும் உயர்த்தி, உடம்பைப் பெருக்கி, தொண்டைக்குள்ளே கொர்ரென்று ஒரு சத்தம் கொடுத்தார். தொட்டுப் பார்த்தவர்கள் உடம்பு கொதிக்கிறது என்றார்கள். அவர் பெண்டாட்டி அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “வேற ஒண்ணுமில்ல, அடைக்கு உக்காந்திருக்காக” என்றாள், அதை யாரும் மறுத்துச் சொல்லவில்லை, கோழி வளர்த்த ஊருக்கு அடையைத் தெரியாதா? தெளிய வைக்க வெள்ளத்தாயைக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவள் போனாள், அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள், நான்கு பேர் தர்மராசைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், கையை வைத்து அமுக்கு என்று அவளிடம் சொன்னார்கள். கை போகவில்லை. “எனக்கு ஏலாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர்களே முக்கினார்கள், இறகையும் செருகினார்கள், தர்மராசு பதினோரு தும்மல் போட்டுவிட்டு மூட்டைக்குத் திரும்பினார்.

இருபத்தொரு நாள் அவர் அங்கேதான் இருந்தார். காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை இறங்கி, கை நனைத்து, ஒதுங்க வேண்டிய இடத்துக்கு ஒதுங்கி, ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவார். சுகாதார அதிகாரி வந்து சூடு பார்த்து, காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனார். இருபத்தோராம் நாள் காலையில் தர்மராசு எழுந்தார். எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம் மூட்டையைக் கையால் தடவித் தடவிப் பார்த்ததுதான். பிறகு சுற்றி நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்டார்.

“எம் பிள்ளைக எங்க?”

 அவர் குரல் ஒரு மனிதன் கேட்கிற குரலாக இல்லை, அழுகைக்கு முந்தின குரலாக இருந்தது. அப்போது மாடத்திதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி, “மேயப் போயிருக்குண்ணாச்சி. வந்துரும்” என்றாள். தர்மராசு அதைக் கேட்டுத் தலையாட்டினார், முகம் தெளிந்தது, மறுநிமிடம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, மில்லை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

அன்று மத்தியானமே எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அது ஒன்று முடிந்தால் ஒன்று என்று தெருவில் வரிசையாக வந்தது, ஒருவர் எழுந்த நாளிலேயே அடுத்தவர் உட்கார்ந்தார், ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்காரவில்லை, ஒரு நாள்கூட யாரும் உட்காராமல் இல்லை. புயலுக்கும் பஞ்சத்துக்கும் பழகின ஊருக்கு இதற்குப் பழக எத்தனை நாள் ஆகும்? மூன்றாவது ஆள் உட்கார்ந்தபோதே அதற்கென்று முறைகள் வந்துவிட்டன. அடைக்கு உட்கார்ந்தவர் வீட்டில் தாளிக்கக்கூடாது, கிட்டே போய்ச் சத்தமாகப் பேசக்கூடாது, சோற்றையும் தண்ணீரையும் ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும். இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தவளும் மாடத்திதான். உட்கார்ந்தவரின் மடிச்சூட்டில் பாலை உறைக்கு வைத்தால் கட்டித்தயிராக எடுக்கலாம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், கார்த்திகைக் குளிரில் கைக்குழந்தைகளை வரிசையாகக் கொண்டுபோய் டீச்சருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். வெளியூர் உறவுகள் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குத் தேதி பார்க்கிறவர்கள், அமாவாசை பௌர்ணமியோடு, யார் அடை எப்போது முடிகிறது என்றும் சேர்த்துப் பார்த்தார்கள். பெண்கள் தங்களுக்கு வராதா என்று ஏங்கவும் ஆரம்பித்தார்கள். இருபத்தொரு நாள் ஒரு பொம்பளை உட்கார்ந்த இடத்தில் சோறு தின்பது அந்த ஊரில் பிள்ளைப்பேற்றைத் தவிர நடந்ததே கிடையாது.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கும் ஊரில் ஒரு பதில் இருந்தது. “உலகத்துல இம்புட்டு அடைன்னு ஒரு கணக்கு இருக்கும்லா? கோழி உக்காரலன்னா யாராவது உக்காந்துதானே தீரணும்” என்றார்கள். அதில் யார் மேலும் பழி இல்லை. வெள்ளத்தாயின் எதிரிலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்கள், “எல்லாம் நம்ம தலைவி பாத்து எடுத்த இனம்” என்று கேலி செய்தார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தாள். தர்மராசு ஒன்று. டீச்சர் இரண்டு. பன்னிரண்டில் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவராக எழுந்து ஒவ்வொரு முட்டையையும் அவளிடம் கேட்கிறார்கள் என்றும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கும் ஒரு கையளவு சோறாவது வேண்டும், அவளுக்கு அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

மாசியில் புதுக்கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது, தினமும் ஆளுக்கொரு முட்டை, பிள்ளைகளின் கன்னத்தில் சதை பிடித்தது, நர்ஸ் அவள் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனாள். கோழிகள் முட்டையை விட்டுவிட்டு எழுந்து போன விதத்தைத்தான் வெள்ளத்தாயால் பார்க்க முடியவில்லை. எந்தக் கோழியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் முருங்கை மூட்டைத் திரும்பிப் பார்க்காமல்தான் தினமும் தொட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த மரத்துக் காயைப் பறித்துக் குழம்பு வைப்பதை நிறுத்தியிருந்தாள், கேட்டவர்களிடம் காய் கசக்கிறது என்றாள். “எங்க வீட்டுக் கொழம்புல இனிக்கத்தானேக்கா செய்யுது?” என்றாள் மாடத்தி.

ஏழாவதாக உட்கார்ந்தது அவள் புருஷன் சீனிச்சாமி. அவர் ஆடு மேய்க்கிறவர், எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போகிற மனிதர், கல்யாணம் பண்ணின முப்பது வருடத்தில் அவளை ஒரு கேள்வி கேட்டது கிடையாது. கட்டில் மூலையில் இருபத்தொரு நாள் உட்கார்ந்திருந்தார். எழுந்த காலையில் வீட்டில் வேறு யாரும் இல்லை. போர்வையைத் தடவிப் பார்த்தார், தலையணையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு நேராக அவள் கண்ணைப் பார்த்து, “ஏளா, எம் பிள்ளைக எங்க?” என்றார்.

 அவரிடம் சொல்லிவிட்டால் என்ன? கேட்ட மறுநிமிடம் மறந்துவிடப் போகிற மனிதர், சுவரிடம் சொல்வது மாதிரிதான். ஆனாலும் ஊரெல்லாம் சொல்கிற பதிலையே சொன்னாள். “மேயப் போயிருக்கு. வந்துரும்.” சீனிச்சாமி தலையை ஆட்டிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்கு அது கீச்சுக் கீச்சென்று கேட்டது, ஏழாவது முட்டையிலிருந்து கேட்ட அதே சத்தமாகக் கேட்டது.

எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது ஆள் எழுந்தது வைகாசிக் கடைசியில். வெள்ளத்தாய் அன்று குளித்து, வீட்டைக் கழுவி, அரிசி பருப்பை எடுத்துவைத்து, அடைக்குத் தயாராகத் தன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது தான்தான் என்று அவள் உறுதியாக நம்பினாள், உண்மையைச் சொன்னால் ஆசைப்படவும் செய்தாள், உடம்பு கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்து எழுந்தால் கடன் தீர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஆனால் புறவாசலிலிருந்துதான் கொர்ரென்று சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். காலியாகக் கிடந்த பழைய கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல், முருங்கையைப் பார்த்த மாதிரி, மாடத்தி உட்கார்ந்திருந்தாள்.

மாடத்தியைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? இருபத்தொரு நாளும் குருணைக் கஞ்சியும் தண்ணீரும் வெள்ளத்தாய்தான் ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. வெயிலுக்கு ஓலை கட்டினாள், சாரலுக்குத் தார்ப்பாய் போட்டாள். இடையில் ஒருநாள் பஸ் ஏறி மாடத்தியின் அம்மா ஊருக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, புள்ளிபோட்ட சிறுவிடை இருக்கிறதா என்று கேட்டாள். எல்லா வீட்டுப் புறவாசலிலும் சிவப்புக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. “அந்த இனம் கரம்பைக்குளத்துக்குக் குடுத்தோம், அங்க கேட்டுப் பாருங்க” என்றார்கள். வெறுங்கையோடு திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

ஆனி மாதத்தில் மாடத்தியின் இருபத்தோராம் நாள் வந்தது. அவள் எல்லாருடைய அடைக்கும் ஓடியாடினவள் என்பதால் தெருவே புறவாசலில் கூடிவிட்டது, தர்மராசு வந்தார், எஸ்தர் டீச்சர் வந்தார், சீனிச்சாமி ஆட்டை விட்டுவிட்டு வந்து நின்றார். மாடத்தி எழுந்தாள். கூடையைத் தூக்கினாள், அடியில் மண்தான் இருந்தது, மண்ணைத் தடவினாள். நிமிர்ந்தாள்.

“எம் பிள்ளைக எங்க?”

அவள் சொல்லிக்கொடுத்த பதிலை அவளுக்கே திருப்பிச் சொல்ல எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில், “மேயப் போயிருக்கு, வந்துரும்” என்றது.

“வராது” என்றாள் வெள்ளத்தாய்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தியும் பார்த்தாள். மறுநிமிடம் மறக்க வேண்டியவள் மறக்கவில்லை, காத்திருந்தாள்.

“வராது மாடத்தி. இந்தா, இந்த முருங்க மூட்டுலதான் கெடக்கு. பன்னெண்டும் கெடக்கு. தாயும் கெடக்கு.”

“கீரி இல்லையாக்கா?”

“கீரி இல்ல. நாந்தான். நீ உங்கம்மைக்குத் தெவசம் குடுக்கப் போன ஞாயித்துக்கெழம, தெளிய வைக்கேன்னு தொட்டியில முக்குனேன். மூணாவது தடவ கைய எடுக்கல.”

மாடத்தி முருங்கை மூட்டைப் பார்த்தாள். அவள் கேட்கப் போவது என்ன என்று வெள்ளத்தாய்க்குத் தெரிந்திருந்தது. இந்த ஒன்பது மாதமும் பயந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். அதற்கு இல்லை என்று சொன்னால் தடுக்க ஆள் கிடையாது, அந்த வெயிலில் அங்கே நின்றது அவள் ஒருத்திதான்.

“பத்தொம்பதாவது நாளாச்சேக்கா. உள்ள சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டும் மூடுனீகளா?”

“மூடுனேன்.”

மாடத்தி வையவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, கன்னத்தில் அறைந்திருந்தால்கூட வெள்ளத்தாய்க்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று ஏதோ சொல்ல வந்த தர்மராசு பாதியில் நிறுத்திக்கொண்டார். கூட்டம் கலைந்தது. போகும்போது யாரும் வெள்ளத்தாயைத் தொடவில்லை, கேலி செய்யவும் இல்லை.

அதற்குப் பிறகு கீழத்தெருவில் யாரும் அடைக்கு உட்காரவில்லை. வெள்ளத்தாய் மட்டும் முருங்கை மூட்டிலேயே உட்கார்ந்தாள். சீனிச்சாமி கூப்பிட்டுப் பார்த்தார், குழுப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள், உடம்பு பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது. “இது அடை இல்ல” என்றார்கள். அவளுக்கும் அது தெரியும். ஊரில் பன்னிரண்டு பேருக்கு ஏறின சூடு அவளுக்கு ஏறவில்லை, ஏறாது. ஆனாலும் எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அடியில் மண் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாள் மாடத்தியின் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்தது, மாடத்தி தண்ணீர் எடுக்கப் போனாள், வந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு சட்டியில் குருணைக் கஞ்சியும் ஒரு செம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தாள். முருங்கை மூட்டுக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டையும் தரையில் வைத்தாள். பேச்சுக் கொடுக்காமல் திரும்பிப் போனாள்.